வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய குறைந்த செலவுப் படங்கள் ஏன் பெரும்பாலும் ஒரு சிற்றூரிலேயே நடக்கின்றன?

பணம்தான் காரணம் என்று ஒரே வரியில் பதிலை முடித்துவிடலாம். பெருநகரம் அழிவதைக் காட்டப் பெரும் செலவாகும். சிற்றூருக்கு ஒரு கடைத்தெருவும், ஒரு காவல் நிலையமும், ஊரார் இருபது பேரும் போதும். ஆனால் இத்தகைய படங்களைப் பல ஆண்டுகளாகத் தேடிப் பார்த்து வருபவன் என்ற முறையில், இவற்றுள் நல்லவற்றுக்குக் கதை சொல்லும் முறையையே அந்தப் பற்றாக்குறைதான் கற்றுக்கொடுத்தது என்று நினைக்கிறேன்.

1958இல் வெளிவந்த ‘தி பிளாப்’ படத்தை இயக்கியவர், அதுவரை கிறித்தவ சமயப் படங்களை எடுத்துவந்த இர்வின் யேவொர்த். விண்கல்லோடு வந்து விழுந்து, ஆட்களை விழுங்கி விழுங்கிப் பெருகும் கூழ் ஒன்றுதான் அதில் வில்லன். அது சிவப்புச் சாயம் ஏற்றிய சிலிக்கோன். பென்சில்வேனியாவின் பீனிக்ஸ்வில் ஊரில் உள்ள கலோனியல் திரையரங்கிலிருந்து மக்கள் அலறியடித்து ஓடிவரும் காட்சியை, இன்றும் ஆண்டுதோறும் விழா எடுத்து அதே வாசலில் ஓடிக் காட்டி மகிழ்கிறார்கள். (பதின்ம வயதுப் பையனாக நடித்த ஸ்டீவ் மெக்வீனுக்குப் படப்பிடிப்பின்போது 27 வயது, முகத்தில் அது தெரியத்தான் செய்கிறது.) கூழைக் காட்டுவது கடினம் என்பதால், பையன் சொல்வதைப் பெரியவர்கள் நம்ப மறுப்பதிலேயே படத்தின் பெரும்பகுதி ஓடுகிறது. அலுப்பூட்டும் இடங்கள் உண்டு என்றாலும், எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில்தான் ‘இவன் வழக்கமாகக் குறும்பு செய்பவன்’ என்ற பேச்சுக்கு அத்தனை வலு இருக்க முடியும்.

ஏறக்குறைய ஏழு லட்சம் டாலரில் ஆண்ட்ரூ பேட்டர்சன் எடுத்த ‘தி வாஸ்ட் ஆஃப் நைட்’ (2019) இன்னும் துணிச்சலானது. 1950களின் நியூ மெக்சிகோ; ஊரே கூடைப்பந்து ஆட்டம் பார்க்கப் போயிருக்க, தொலைபேசி இணைப்பகத்தில் இருக்கும் ஒரு பெண்ணும் வானொலி அறிவிப்பாளன் ஒருவனும் விநோதமான ஓர் ஒலியைக் கேட்கிறார்கள். ஓரிடத்தில் திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டு, வானொலிக்குத் தொலைபேசியில் பேசும் ஒருவரின் குரலை மட்டும் கேட்கவைக்கிறார்கள்.

இருப்பினும், ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால் டான் சீகல் இயக்கிய ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ (1956) படத்தையே பரிந்துரைப்பேன். அதில் வேற்றுக்கிரகத்தார் நெற்றுகளிலிருந்து ஊரார் உருவிலேயே பிறப்பதால், வேடம் கட்டும் செலவே இல்லை. தன் மாமா உண்மையில் மாமா இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். முகம், குரல், பழைய நினைவுகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன, பரிவு மட்டும் இல்லை. நாள்தோறும் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டுமே புலப்படக்கூடிய மாற்றம் அது. பிறகு ஒரு காலை வேளையில், கதாநாயகனான மருத்துவரும் அவர் காதலியும் மாடிச் சன்னல் வழியே ஊர்ச் சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நெற்றுகளை ஏற்றிய லாரிகள் வந்து நிற்கின்றன; ஊரார் சந்தையில் காய்கறி வாங்குவதைப் போல அமைதியாக அவற்றைப் பெற்று அக்கம்பக்கத்து ஊர்களுக்கு எடுத்துச் செல்கிறார்கள். கலிபோர்னியாவின் சியரா மாட்ரே ஊரில், பகல் வெளிச்சத்தில், எந்தத் தந்திரக்காட்சியும் இல்லாமல் எடுக்கப்பட்டது அது.

நெடுஞ்சாலையில் ஓடும் கார்களுக்கு நடுவே மருத்துவர் கத்திக்கொண்டு நிற்பதோடு படத்தை முடிக்கவே சீகல் விரும்பினார். தயாரிப்பு நிறுவனமோ நம்பிக்கை தரும்படியாக முன்னும் பின்னும் மருத்துவமனைக் காட்சிகளைச் சேர்க்கவைத்தது. திரும்பப் பார்க்கும்போதெல்லாம் நான் நெடுஞ்சாலையிலேயே நிறுத்திவிடுவேன்.