செயற்கைக்கோள் சேனல் ஒன்றின் சர்வதேச அதிகாரி ஆவது எப்படி? அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

இந்த வேலையில் 19 வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன். உச்சிக்குப் போனவன் இல்லை. ஒரு சர்வதேச சேனலில் இரண்டு கண்டங்களின் விநியோகத்தைப் பார்த்துக்கொள்ளும் துணைத் தலைவர் வரை வந்தேன், அவ்வளவுதான். சேனலின் பெயர் வேண்டாம்.

கேள்வி கேட்டவர் "என்ன படிக்க வேண்டும்" என்றும் கேட்டிருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு நினைப்பை உடைத்துவிடலாம். எங்கள் வேலை என்றதும் எல்லோரும் கேட்பது, "எந்த நிகழ்ச்சி போடணும்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்களா?" இல்லை. அதற்கு வேறு ஆட்கள் உண்டு. நாங்கள் செய்வது கிட்டத்தட்ட நிலத் தரகு. என்ன, எங்கள் நிலம் மேலேயிருந்து விழும்.

நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் நிற்கிறது. பூமி சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது போலத்தான். அங்கிருந்து டார்ச் அடிப்பது போல ஒரு பீம் கீழே விழுகிறது. அது விழும் பரப்புக்குப் பெயர் ஃபுட்பிரின்ட். நடுவில் சிக்னல் பலமாக இருக்கும், சின்ன டிஷ் போதும். ஓரத்துக்குப் போகப்போக டிஷ் பெரிதாகிக்கொண்டே போகும். அந்த வெளிச்சத்துக்கு எந்த நாட்டின் எல்லையும் தெரியாது.

ஆனால் சினிமாவும் விளையாட்டும் நாடு நாடாகத்தான் விற்கப்படுகின்றன. ஒப்பந்தத்தில் "டெரிட்டரி" என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் 14 நாடுகளின் பெயர் இருந்தால், பீம் 40 நாடுகளில் விழுந்துகொண்டிருக்கும். இந்த இரண்டு வரைபடத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஒரு சம்பவம் சொன்னால் புரியும். ஒரு ஞாயிறு காலை ஒரு வழக்கறிஞரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்களுக்குக் கால்பந்து உரிமை விற்ற அமைப்பின் வழக்கறிஞர். கடிதம் இரண்டே வரி, கூடவே ஒரு ஃபோட்டோ. ஏதோ ஹோட்டல் பார். சுவரில் டிவி, மேல் மூலையில் எங்கள் லோகோ, ஸ்கோர் 1-0, ஆட்டம் 63-ஆவது நிமிடம். டிவிக்குப் பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நின்ற காரின் நம்பர் பிளேட்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. அந்த நாட்டில் அந்த ஆட்டத்துக்கு எங்களுக்கு உரிமை கிடையாது.

சிக்னல் என்கிரிப்ட் ஆனதுதான், ஸ்மார்ட் கார்டு இல்லாமல் படம் வராது. அப்படியென்றால் கார்டு எப்படி அங்கே போனது? அடுத்த ஆட்டத்தில் ஃபிங்கர்பிரின்ட் போட்டோம். அதாவது அப்லிங்க் நிலையத்திலிருந்து (சிக்னலைச் செயற்கைக்கோளுக்கு மேலே ஏற்றும் இடம்) ஒரு கட்டளை அனுப்பினால், ஒவ்வொரு டிவியிலும் அந்தந்தக் கார்டின் எண் சில நொடி திரையில் தெரியும். அதே பாரில் ஓர் ஆள் எலுமிச்சைச் சாறோடு உட்கார்ந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார். தேடினால், பக்கத்து நாட்டில் எங்கள் சொந்த விநியோகஸ்தர் விற்ற கார்டு. வீட்டுச் சந்தா என்று பதிவாகியிருக்கிறது. அதே முகவரியில் இன்னும் 42 கார்டு! ஒரே வீட்டில் 43 டிவி இருக்கிறதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்து. அந்த மாதம் சந்தா எண்ணிக்கை கூடியதற்காக நான் பாராட்டு வாங்கியிருந்தேன்.

கார்டுகளை அணைக்க ஒரு நிமிடம் ஆனது. ஆட்ட உரிமை விற்றவர்களைச் சமாதானப்படுத்த ஐந்து மாதம். இந்த வேலையின் விகிதாசாரம் பெரும்பாலும் இப்படித்தான்.

இந்தத் துறையின் பெரிய ஆட்களின் கதையைப் பார்த்தாலும் இதே பிரச்சினைதான் வேறு வேறு உருவத்தில் வரும். பீம் ஒரு பக்கம், அனுமதி ஒரு பக்கம்.

ஏசியாசாட் 1 என்ற செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதலில் வெஸ்டார் 6 என்ற பெயரில் 1984 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து விடப்பட்டு, தவறான சுற்றுப்பாதையில் மாட்டிக்கொண்டது. அதே வருடம் நவம்பரில் டிஸ்கவரி ஓடத்தில் போன வீரர்கள் கையால் பிடித்து பூமிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மறுபடி ஏற்றினார்கள். ஆக, செகண்ட்ஹேண்ட் செயற்கைக்கோள். அதை நம்பித்தான் 1991-இல் ஹாங்காங்கில் ஸ்டார் டிவி ஆரம்பமானது. அதற்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு பீம். வடக்கில் சீனா, தெற்கில் இந்தியாவும் அதைச் சுற்றியும்.

1993 ஜூலையில் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக் 52.5 கோடி டாலர் கொடுத்து ஸ்டாரின் 63.6 சதவீதத்தை வாங்கினார். செப்டம்பரில் லண்டனில் பேசும்போது, புதிய தொலைத்தொடர்புத் தொழில்நுட்பம் சர்வாதிகார ஆட்சிகளுக்கு அச்சுறுத்தல் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். அக்டோபரில் சீனா தனியார் டிஷ்களுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. 1994 ஏப்ரலில் வடக்கு பீமிலிருந்து பிபிசி செய்திச் சேனல் இறக்கப்பட்டது. தெற்கு பீமில் அது தொடர்ந்தது. ஒரே செயற்கைக்கோள்தான், இரண்டு முடிவு. அன்று பீஜிங் பக்கம் விநியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கும். முதலாளி மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அவர்கள் எத்தனை வருடம் தேநீர் குடித்துக் குடித்துப் பரிகாரம் செய்திருப்பார்கள்!

தெற்கு பீமில் நடந்தது தலைகீழ். அரிசி ஏற்றுமதியிலிருந்து வந்த சுபாஷ் சந்திரா அதே ஏசியாசாட் 1-இல் இடம் பிடித்து, 1992 அக்டோபர் 2-ஆம் தேதி ஜீ டிவியைத் தொடங்கினார். உள்நாட்டிலிருந்து தனியார் சேனல் அப்லிங்க் செய்ய அப்போது அனுமதி இல்லை. அதனால் டேப்கள் வெளிநாட்டுக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறி, திரும்ப அதே ஊர் வீடுகளில் இறங்கின.

எனக்கு மிகவும் பிடித்தவர் ரெனே அன்செல்மோ. அமெரிக்காவில் ஸ்பானிஷ் மொழித் தொலைக்காட்சி நடத்தியவர். நாடுகளுக்கு இடையிலான செயற்கைக்கோள் சேவை என்பது அரசுகள் சேர்ந்து நடத்திய இன்டெல்சாட்டின் ஏகபோகமாக இருந்த காலத்தில், 1984-இல் பான்அம்சாட் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார். 1988 ஜூனில் முதல் ஏரியன் 4 ராக்கெட்டின் முதல் பயணத்திலேயே தன் செயற்கைக்கோளை ஏற்றினார். புது ராக்கெட்டின் முதல் பயணத்தில் சரக்கு ஏற்றுவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். மேலே போய்விட்டதே தவிர, கீழே இறங்க ஒவ்வொரு நாட்டின் தொலைபேசித் துறை வாசலிலும் நின்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கோபத்தில் தன் விளம்பரங்களில் காலைத் தூக்கி நிற்கும் நாயின் கார்ட்டூனைப் போட்டார். 2006-இல் அவருடைய பான்அம்சாட்டை அதே இன்டெல்சாட் விழுங்கியது. 2025-இல் அந்த இன்டெல்சாட்டை லக்சம்பர்க்கின் எஸ்இஎஸ் விழுங்கியது. நாய் இருந்திருந்தால் இப்போது யார் பக்கம் காலைத் தூக்கும் என்று தெரியவில்லை.

அதிர்ஷ்டத்தின் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. அல் ஜசீரா 1996 நவம்பரில் தொடங்கியபோது அரபு நாடுகளின் அரப்சாட் செயற்கைக்கோளில் பலமான ட்ரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பிக் கீழே அனுப்பும் கருவி) காலியாக இல்லை. கிடைத்தது பலவீனமான ஒன்று, பெரிய டிஷ் இல்லாமல் பார்க்க முடியாது. 1997 ஜூலையில் ஒரு பிரெஞ்சு சேனல், சிறுவர் நிகழ்ச்சி வர வேண்டிய நேரத்தில், இணைப்பு மாறி ஆபாசப் படத்தை அரை மணி நேரம் ஓடவிட்டுவிட்டது. அரபு நாடுகள் முழுக்க! அரப்சாட் அந்த சேனலை வெளியேற்றியது. காலியான இடம் அதே வருடம் நவம்பரில் அல் ஜசீராவுக்குக் கிடைத்தது. எத்தனை வியூகக் கூட்டம் போட்டாலும் இப்படி ஒரு வாய்ப்பு வராது.

இனி அன்றாட வேலை. அதில் சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை. கேபிள் மற்றும் டிடிஎச் நிறுவனங்களுடன் பேரம்தான். சேனல் வலுவாக இருந்தால் ஒரு சந்தாதாரருக்கு இவ்வளவு என்று நாம் வாங்குவோம். வலு இல்லையென்றால் கேரேஜ் கட்டணம் என்று நாம் கொடுப்போம். செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி, அக்டோபரில் கான் சந்தை. அரை மணிக்கு ஒரு சந்திப்பு, அதே சிரிப்பு, அதே பிரசன்டேஷன். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது மின்சார பிளக்கின் வடிவத்தைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். குடும்பத்துக்கு இது நல்ல வேலை இல்லை. அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

நான் அவமானப்பட்ட ஒரு நாளையும் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வு வந்த முதல் வருடம், மார்ச் மாதம். ஒரு பெரிய ஹோட்டல் குழுமத்துக்கு டெமோ. மொட்டை மாடியில் டிஷ், கீழே அரங்கில் பெரிய திரை, எதிரே ஒன்பது பேர். மதியத்தை ஒட்டி, நான் "எங்கள் சிக்னலின் நம்பகத்தன்மை" என்ற ஸ்லைடைக் காட்டிக்கொண்டிருக்கும்போது திரையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு உறைந்தது. பிறகு கறுப்பு. வெளியே ஓடிப்போய் அப்லிங்க் நிலையத்துக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவர் எங்கள் மூத்த பொறியாளர்.

"மேலே ஒண்ணும் கெடலை தம்பி. அங்க இப்ப வெயில் எப்படி?"

"பளிச்னு இருக்கு சார், மேகமே இல்லை."

"அதான். சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிக்குது. உங்க டிஷ் இப்ப சூரியனைத்தான் பாத்துட்டு இருக்கு. ஏழெட்டு நிமிஷம் ஏதாவது பேசிட்டு இருங்க, தானா வந்துடும். நாளைக்கும் வரும்."

இதற்கு சன் அவுட்டேஜ் என்று பெயர். சம இரவு நாட்களை ஒட்டி வருடத்துக்கு இரண்டு முறை, சில நாட்கள் தொடர்ந்து, தினமும் சில நிமிடம். எந்த ஊரில் எந்த நிமிடம் வரும் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடுவார்கள். அந்த அட்டவணை என் மின்னஞ்சலில் மூன்று வாரமாகத் திறக்கப்படாமல் கிடந்தது. உள்ளே வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் சிரித்தார். கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானதற்கு அவர்தான் காரணம்.

இப்போது படிப்பு. பிரிட்டனின் செயற்கைக்கோள் டிவி நிறுவனமான ஸ்கையை நஷ்டத்திலிருந்து தூக்கி நிறுத்திய சாம் சிஸம், 1992-இல் இங்கிலாந்து பிரீமியர் லீக் உரிமையை 30.4 கோடி பவுண்டு ஒப்பந்தத்தில் பிடித்தவர், வாழ்க்கையைத் தொடங்கியது தரைக்குப் போடும் மெழுகு விற்று. சுபாஷ் சந்திரா அரிசி. ஆகவே தொடர்பியல் பட்டம்தான் வாசல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் அனுபவத்தில் முன்னேறியவர்கள் மூன்று வகை: சட்டம் படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், விற்பனையில் அடிபட்டவர்கள். எம்பிஏ இருந்தால் நேர்காணல் வரை உதவும்.

இன்று நுழையலாமா என்று கேட்டால், செயற்கைக்கோளை மட்டும் நம்பி வராதீர்கள். சேனல்கள் இணையத்துக்கு நகர்கின்றன, டிடிஎச் சந்தா பல சந்தைகளில் சுருங்குகிறது. உரிமை வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. பீம் இருந்த இடத்தில் ஐபி முகவரி, வேறு நாட்டுக்குப் போன ஸ்மார்ட் கார்டு இருந்த இடத்தில், இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன். அந்தப் பாரில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு இன்றும் வேலை உண்டு, வீட்டிலிருந்தே செய்யலாம்.

நேராகத் தலைமை அலுவலகத்துக்கு முயற்சி செய்யாமல், டெலிபோர்ட்டிலோ (பெரிய டிஷ்கள் நிற்கும் அப்லிங்க் நிலையம்) பிளேஅவுட்டிலோ (நிகழ்ச்சிகளை வரிசையாக ஓடவிடும் பிரிவு) ஒரு வருடம் இரவு ஷிஃப்ட் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் முதல் வாரத்திலேயே அங்கிருக்கும் மூத்தவரிடம் அந்த மார்ச் மாத அட்டவணையைக் கேட்டு வாங்கி, திறந்து பாருங்கள்.