பாலைவனத்தில் வழி தவறினால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்க வேண்டுமா?

வேண்டாம். தாகம் எடுத்தால் குடியுங்கள். சிக்கனம் பிடிக்க வேண்டியது வியர்வையில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் அடால்ஃப் குழுவினர் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். குறைவாகக் குடிப்பதால் வியர்வை குறைவதில்லை. புட்டியில் நீர் மிச்சமிருக்கும், ஆள் சுருண்டு விழுந்திருப்பார்.

வெயிலில் நடந்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கும். ஆனால் உங்களுக்கே தெரியாது. வறண்ட காற்றில் அது உடனே காய்ந்துவிடும். சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருப்பதைப் பார்த்தால்தான் புரியும். ஆகவே பகலில் நிழலில் கிடப்பதே உத்தமம். வெறுந்தரையில் படுக்காதீர்கள், மணல் காற்றைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். வண்டி பழுதானால் அதை விட்டு அகலாதீர்கள், தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

சட்டையைக் கழற்றத் தோன்றும், கழற்றக் கூடாது. அரபுப் பாலைவன நாடோடிகளான பெதுவின் மக்கள் அந்தக் கொதிப்பிலும் கறுப்பு அங்கி அணிகிறார்களே என்று நானும் வியந்ததுண்டு. 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கறுப்போ வெள்ளையோ, உடலை எட்டும் வெப்பம் ஒன்றே என்று காட்டியது. கறுப்புத் துணி கூடுதலாக உறிஞ்சும் சூட்டை, தொளதொள அங்கிக்குள் ஓடும் காற்று தோலைத் தொடுமுன்பே கொண்டுபோய்விடுகிறது.