புரூகல் என்று எழுதியிருந்தால் புரூகல் ஆகிவிடுமா?

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) ஓவியர் பீட்டர் புரூகல் வரைந்தவை என்று ஒரு பழைய புத்தகத்தில் குடியானவர்களின் கோட்டோவியங்களைப் பார்த்தேன். இப்போது அவை வேறு யாரோ வரைந்தவை என்கிறார்கள். இத்தனை நூற்றாண்டு கழித்து அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: நீங்கள் பார்த்தவை அநேகமாக 'நார் ஹெட் லேவன்' படங்கள். டச்சு மொழியில் நேரில் பார்த்து வரைந்தது என்று அர்த்தம், தாளிலேயே அப்படி எழுதியிருக்கும். பிச்சைக்காரர், வண்டிக்காரர், சந்தைக்கு வந்த பெண்மணி என்று ஏறத்தாழ 80 தாள்கள். முதலில் சாக்கட்டியால் லேசாகப் போட்டு, அப்புறம் மேலே மையால் இழுத்திருக்கிறார்கள். சட்டை என்ன நிறம், தொப்பி என்ன நிறம் என்று பக்கத்திலேயே குறிப்பும் உண்டு.

இவை புரூகலுடையவை என்று எல்லோரும் நம்பியதற்கு ஒரு கதையும் வசதியாக இருந்தது. 1604இல் காரல் வான் மாந்தர் ஓவியர்களின் வாழ்க்கையை எழுதியபோது, புரூகல் தன் நண்பர் ஒருவரோடு குடியானவர் வேஷம் போட்டுக்கொண்டு கிராமத்துக் கல்யாணங்களுக்குப் போவார், மணமகனுக்கோ மணமகளுக்கோ சொந்தம் என்று சொல்லிக்கொண்டு மொய்கூடக் கொடுப்பார் என்று எழுதிவைத்தார். கல்யாணத்துக்குப் போனவர் சும்மாவா வந்திருப்பார், வரைந்துகொண்டு வந்திருப்பார், இதோ அந்தத் தாள்கள்! கதையும் படமும் அவ்வளவு அழகாகப் பொருந்தினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்.

சந்தேகம் வந்தது 1970 வாக்கில், அதுவும் இரண்டு ஆய்வாளர்களுக்குத் தனித்தனியாக. அவர்கள் படத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த நிறக் குறிப்புகளைப் பார்த்தார்கள். அந்த எழுத்து ரோலாண்ட் சாவரி என்ற ஓவியரின் கையெழுத்தோடு ஒத்துப்போனது. இந்தத் தாள்களில் உள்ள ஆட்கள் சாவரியின் வண்ண ஓவியங்களுக்குள்ளும் நடமாடுகிறார்கள். புரூகல் இறந்தது 1569, சாவரி பிறந்தது 1576. ஆக கல்யாணமும் இல்லை, மொய்யும் இல்லை. சாவரி இன்றைய செக் நாட்டின் பிராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபிடம் வேலை பார்த்தவர், அங்கே கண்ணில் பட்டவர்களை வரைந்திருக்கிறார்.

இதில் சாவரியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் அந்தத் தாள்களில் புரூகல் பெயரைப் போடவே இல்லை, நாம்தான் போட்டோம்.

கேள்வி: அப்படியானால் ஓவியரே பெயரும் தேதியும் போட்டிருந்தால் பிரச்சினை இல்லைதானே?

பதில்: அங்கேதான் பெரிய பிரச்சினையே. ரோலாண்டுக்கு யாக்கோப் என்று ஓர் அண்ணன், அவரும் ஓவியர், 1603இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தவர். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் கோட்டை வாசல்களையும் கோபுரங்களையும் காட்டும் மூன்று கோட்டோவியங்கள் இருக்கின்றன, இரண்டு பிரான்சில் பெசான்சோனில், ஒன்று அமெரிக்காவில் பாஸ்டனில். மூன்றிலும் புரூகல் பெயர், 1562 என்று தேதி. இதை நம்பி, புரூகல் 1562இல் ஆம்ஸ்டர்டாம் போனார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றிலேயே ஒரு பயணத்தைச் சேர்த்துவிட்டார்கள். இன்று அந்தத் தாள்கள் யாக்கோபின் கைவேலை என்பது பெரும்பாலோர் கருத்து, கூடவே புரூகலின் அந்தப் பயணமும் காற்றில் போயிற்று. அண்ணன் செய்ததை நான் மோசடி என்றுதான் சொல்வேன். பிடித்த ஆசிரியரைப் பார்த்து வரைந்து பழகுவது வேறு, இறந்துபோனவர் பெயரில் பழைய தேதியும் போட்டுவைப்பது வேறு.

கேள்வி: கையெழுத்தையும் நம்ப முடியாது, கதையையும் நம்ப முடியாது என்றால் நிபுணர்கள் எதைத்தான் நம்புகிறார்கள்?

பதில்: தாளை. ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி தெரிகிறார் அல்லவா, அந்தக் காலத்துக் கைத்தயாரிப்புத் தாளிலும் அதுபோல ஆலையின் நீர்க்குறி இருக்கும். கூழை அள்ளும் சல்லடையில் கம்பியை வளைத்துத் தைத்திருப்பார்கள், அந்த இடத்தில் தாள் மெலிந்துவிடும். சல்லடை தேய்ந்தால் புதிதாகச் செய்வார்கள், குறியும் கொஞ்சம் மாறும், அதனால் எந்தக் குறி எந்த வருஷங்களில் புழங்கியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். புரூகல் பெயரில் அருமையான மலைக் காட்சிகள் பல இருந்தன. அவர் இத்தாலிக்குப் போய் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தவர், மலைகளையெல்லாம் விழுங்கிவிட்டு ஊருக்கு வந்து துப்பினார் என்று அதே வான் மாந்தர் எழுதியிருக்கிறார், எனவே மலை என்றாலே புரூகல். பெர்லினைச் சேர்ந்த ஹான்ஸ் மீல்கெ நீர்க்குறிகளைப் பார்த்தார். சில தாள்கள் புரூகல் கண்ணை மூடியதற்கு அப்புறம் செய்யப்பட்டவை! இதற்கு எதிராக யார் என்ன வாதாட முடியும்? அந்த மலைகளும் சாவரி குடும்பத்துப் பக்கம் போய்விட்டன. கழித்ததெல்லாம் போக இன்று புரூகல் கணக்கில் நிற்பவை 60 சொச்சம் தாள்கள்தான்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நீர்க்குறி 'இது அவர் இல்லை' என்று அடித்துச் சொல்லும், 'இது அவர்தான்' என்று ஒருநாளும் சொல்லாது. சரியான காலத்துத் தாளில் யார் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். மிச்சத்தை வரைந்த கோடுகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அங்கே நிபுணர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

கேள்வி: பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் அந்தப் பிரபலமான படம் புரூகலுடையதா, அவருக்கு முந்தைய ஓவியர் போஷுடையதா? அச்சுப் பிரதியில் போஷ் பெயர் இருக்கிறதே?

பதில்: வியாபாரம்! ஆன்ட்வெர்ப்பில் ஹியரோனிமஸ் காக் என்பவர் படங்களை அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தார். புரூகல் 1556இல் வரைந்து தன் பெயரையும் எழுதிக் கொடுத்த தாள் இன்றும் வியன்னாவின் அல்பெர்ட்டினா மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி 1557இல் காக் அச்சிட்டபோது 'கற்பனை: ஹியரோனிமஸ் போஷ்' என்று போட்டுவிட்டார். போஷ் இறந்து 41 வருஷம் ஆகியிருந்தது, ஆனால் கூட்டம் அவர் பெயருக்குத்தான் வந்தது. புரூகல் அப்போது புதுசு. ஔவையார் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் கலந்துகிடப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. அந்த மூலத் தாள் மட்டும் தொலைந்திருந்தால் இன்றும் நாம் போஷ் என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

கேள்வி: சந்தேகமே இல்லாத ஒரு தாளாவது உண்டா?

பதில்: 15ஆம் நூற்றாண்டு ஓவியர் யான் வான் ஐக் வரைந்த ஒரு முதியவரின் முகம், ஜெர்மனியில் ட்ரெஸ்டனில் இருக்கிறது. பூச்சுப் பூசிய தாளில் வெள்ளிக் கம்பியின் முனையால் கீறியது. வான் ஐக் பெயரில் வரும் மற்றக் கோட்டோவியங்களுக்கெல்லாம் வழக்கு நடக்கிறது, இதற்கு மட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் தலையாட்டுகிறார்கள். காரணம், இதே முகம் வண்ண ஓவியமாக வியன்னாவில் இருக்கிறது. தாளில் உதடு வெளிறிய ஊதா, முகத்து மயிர் சாம்பல் என்று நுணுக்கமாக நிறக் குறிப்புகள் வேறு. வேடிக்கை என்னவென்றால், வரைந்தவர் யார் என்பது தெரிகிறது, வரையப்பட்டவர்தான் தகராறு. கார்டினல் அல்பெர்காத்தி என்று வழக்கமாகச் சொல்வார்கள், இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: பெரிய ஓவியரின் பெயரை இழந்துவிட்ட தாள்களை மியூசியங்கள் என்ன செய்கின்றன? குப்பையிலா?

பதில்: அட்டையில் பெயரை மாற்றி அதே பெட்டியில் வைக்கிறார்கள். விலை இறங்கும், பார்க்க வரும் கூட்டம் குறையும், அது உண்மை. ஆனால் அந்த 80 தாள்களும் புரூகலிடம் இருந்தபோது ஏதோ ஒரு ஃபிளாண்டர்ஸ் கிராமத்துக் கூட்டம், சாவரியிடம் வந்த பிறகு 1600களின் தொடக்கத்தில் பிராக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜனங்கள் என்ன உடுத்தினார்கள், கோட்டு என்ன நிறம் என்பதற்கு நேரில் பார்த்த சாட்சி.