ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வெளியேறும் அறை நண்பரின் வாடகைப் பங்கை யார் தருவது?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் மூவர் கையொப்பமிட்டு 11 மாதங்களுக்கு எடுத்த வீட்டை விட்டு ஒருவர் இடையில் வெளியேறுகிறார், தம் பங்கு அட்வான்ஸை உடனே கேட்கிறார், வீட்டு உரிமையாளரோ முழு வாடகையையும் உங்கள் இருவரிடமே கேட்கிறார், இது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் மூவர் தங்கியிருந்தபோது இதே சிக்கல் எங்களுக்கும் வந்தது.

உரிமையாளர் கேட்பது முறைதான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி அளித்தால், அவர்களுள் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். ஆனால் அதே பிரிவு, அவ்வாறு செலுத்தியவர் மற்றவர்களிடம் அவரவர் சமபங்கைக் கேட்டுப் பெறவும் உரிமை தருகிறது. அதில் உள்ள எடுத்துக்காட்டு ஒன்றில் மூவர் சேர்ந்து 3,000 ரூபாய் தர ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவரால் எதுவும் தர இயலாமல் போக, இன்னொருவர் முழுவதையும் கட்டுகிறார். அவர் மூன்றாமவரிடம் 1,500 ரூபாய் பெறலாம். ஆகவே உரிமையாளருக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு வேறு, உங்கள் மூவருக்குள் உள்ள கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசியதால்தான் எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுவதும் மனக்கசப்பு நீடித்தது.

எங்கள் வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 36,000. ஆறாவது மாத இறுதியில் ஓசூரில் வேலை கிடைத்துக் கிளம்பிய நண்பர், தாம் குடியிராத நாட்களுக்கு ஏன் வாடகை தர வேண்டும் என்று கேட்டார். கையொப்பமிட்டது 11 மாதங்களுக்கு என்பது எங்கள் பதில். அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த பிறகு உரிமையாளர் திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால், இடையில் செல்பவர் தம் பங்கை அவரிடம் கேட்க வழியில்லை என்பதையும் சொன்னோம்.

ஆனால் எங்கள் பக்கமும் ஒரு தவறு இருந்தது. அவர் சென்ற முதல் மாதத்திலேயே சிப்காட்டில் பணிபுரியும் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்தார்; இரவுப் பணிக்காரர் என்பதால் நாங்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அடுத்தவர் கிடைக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. வந்தவரை நாங்கள் மறுத்துவிட்டு, அந்த இரண்டாவது மாதத்துக்கும் சென்றவரிடம் பணம் கேட்பது நியாயமில்லை என்று எனக்கு உறுத்தியது, அதை விட்டுக்கொடுத்தோம். புதியவர் தம் அட்வான்ஸ் பங்காகத் தந்த 12,000 ரூபாயில் ஒரு மாதப் பங்கான 4,000 ரூபாயையும் மின்கட்டணத்தில் அவருடைய பங்கான 310 ரூபாயையும் கழித்து, 7,690 ரூபாயைச் சென்றவருக்கு அனுப்பினோம். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் அந்த 310 ரூபாய்க்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. கிளம்பும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தால் அது எழுந்தே இருக்காது. நீங்கள் அதை மறவாமல் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு உரிமையாளரை விட்டுவிடக் கூடாது. ஒருவர் சென்று இன்னொருவர் வந்ததை அவர் வாய்மொழியாக ஏற்றால் போதாது. புதியவரின் பெயரோடு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதி, பழையவர் விலகியதையும் அவருடைய அட்வான்ஸ் பங்கு புதியவர் பெயருக்கு மாறியதையும் அதில் குறிப்பிட்டு, அனைவரும் கையொப்பமிட வேண்டும். அதுவரை சென்றவர் பொறுப்பிலிருந்து விடுபடவில்லை என்பதை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். புதியவரைத் தேட அவரே உங்களுக்கு உதவுவார்.

தமிழ்நாட்டின் நகரப் பகுதிகளில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. புதுச்சேரிக்கு 1969ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. நண்பர்களுக்கு இடையிலான பங்குக் கணக்குக்கோ இரு ஊர்களிலும் ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. பேசியும் தீராவிட்டால், வழக்குத் தொடுக்கும் முன்பாகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் கோரலாம். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஒப்பந்த நகல், வாடகை செலுத்திய வங்கிப் பதிவு, அவர் கிளம்புவதாகத் தெரிவித்த செய்தி ஆகிய மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.