மேட் பிளாக்: கையைக் கடிக்காமல் அடிப்பது எப்படி? (கார் கேள்வி - பதில்)

என்னிடம் 2012 மாடல் வெள்ளை ஸ்விஃப்ட் இருக்கிறது. கம்பெனி பெயிண்ட் இன்னும் உரியவில்லை. அங்கங்கே கீறல், பின் கதவில் ஒரு டென்ட் (நசுங்கல்). முழு வண்டியையும் மேட் பிளாக் (பளபளப்பில்லாத கறுப்பு) ஆக்க ஆசை. 20,000 ரூபாய்க்குள் முடியுமா? ஸ்டிக்கர் ஒட்டலாமா, பெயிண்ட் அடிக்கலாமா?
— வாசகர், ஈரோடு

முடியும், நீங்களும் வேலையில் இறங்கினால். எல்லாவற்றையும் பெயிண்டரிடம் விட்டால் இந்தத் தொகைக்குள் நல்ல வேலை வராது.

ஸ்டிக்கர் என்று நீங்கள் சொல்வது வினைல் ரேப். பேர் சொல்லும் பிராண்டில் ஒட்டினால் அரை லட்சத்தைத் தாண்டும். அதில் பாதிக்கு ஒட்டித் தருகிறார்களே என்றால், அந்த ஷீட் நம் ஊர் வெயிலில் பானெட்டிலும் கூரையிலும் முதலில் சாம்பல் தட்டி, அப்புறம் ஓரங்களில் தூக்கிக்கொள்ளும். உரிக்கும்போது பசை அப்படியே பாடியில் நின்றுவிடும். உங்கள் பட்ஜெட்டுக்கு அது வேண்டாம்.

மிச்சம் இருப்பது பெயிண்ட். அதில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) மேட், பி.யூ. (பாலியூரிதேன்) மேட் என்று இரண்டு உண்டு. என்.சி. விலை குறைவு, சட்டென்று காயும். ஆனால் பெட்ரோல் சிந்தினால் கெடும், வெயிலில் வெளுக்கும். ஹார்ட்னர் (பெயிண்ட்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பி.யூ. மேட் பிளாக்கையே வாங்குங்கள். ஸ்விஃப்ட் அளவு வண்டிக்கு வெளிப்பக்கம் மட்டும் மூன்று கோட் அடிக்க 2 லிட்டர் பெயிண்ட் போதும். ஹார்ட்னரும் தின்னரும் சேர்ந்தால் ஏறக்குறைய 3 லிட்டர் கலவை வரும். கலவை விகிதம் டின்னுக்கு டின் மாறும், 4-க்கு 1 உண்டு, 2-க்கு 1-ம் உண்டு. டின் மேல் போட்டிருப்பதுதான் வேதவாக்கு, பெயிண்டரின் கைக்கணக்கு அல்ல. இரண்டு டின் வாங்கினால் ஒரே பேட்ச் எண் பார்த்து வாங்கி, ஹார்ட்னர் சேர்க்கும் முன் இரண்டையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் இடது பக்கம் ஒரு கறுப்பு, வலது பக்கம் ஒரு கறுப்பு.

பணம் மிச்சமாகும் இடம் தேய்ப்பு வேலைதான். கம்பெனி பெயிண்ட் உறுதியாக இருப்பதால் தகரம் வரை உரிக்கத் தேவையில்லை. பக்கக் கண்ணாடி, கைப்பிடி, லோகோ, பீடிங் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஷாம்பு போட்டுக் கழுவி, வேக்ஸ் ரிமூவரால் துடைத்த பிறகுதான் தேய்க்கும் பேப்பரைத் தொட வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் பழைய பாலிஷ், கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை தேய்த்து, 600-ல் முடியுங்கள். 400-ல் பதினைந்து ஷீட், 600-ல் பத்து ஷீட், முக்கால் இஞ்ச் மாஸ்கிங் டேப் ஆறு ரோல் கணக்கு வைத்துக்கொள்ளலாம். மறைப்புக்குப் பழைய நியூஸ்பேப்பர் ஆகும், இரண்டு மடிப்பாகப் போடுங்கள்; ஒற்றை மடிப்பில் தின்னர் ஊறி உள்ளே போகும்.

டென்ட்டில் பட்டி போடுவதையும் ஸ்ப்ரே கன் பிடிப்பதையும் மட்டும் பெயிண்டருக்குக் கூலி பேசி விடுங்கள். கதவின் உள்விளிம்பு, டிக்கியின் உள்பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். அதையும் அடிக்கப் போனால் பெயிண்ட்டும் கூலியும் கூடும். கதவைத் திறந்தால் வெள்ளை தெரியும். இந்தக் காசுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு வார்த்தை: மேட் பிளாக் அடித்தால் டென்ட் தெரியாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பிரதிபலிப்பு இல்லாததால் மேலோட்டமான நெளிவு கண்ணுக்குப் படாது என்பது பாதி உண்மை. ஆனால் 220 நம்பர் பேப்பரின் கோடும் பட்டியில் விட்ட ஊசித்துளையும் அப்படியே தெரியும். மற்ற பெயிண்ட்டில் கடைசியில் தேய்த்து பாலிஷ் போட்டுச் சரிக்கட்டலாம். மேட்டில் அந்த வாய்ப்பே கிடையாது. கடைசி கோட் காய்ந்தபோது எப்படி இருக்கிறதோ, அதுதான் வண்டி.

பானெட்டையும் கூரையையும் மட்டும் ஸ்ப்ரே கேனில் நானே அடிக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை கேன் வேண்டும்? எப்படி அடிப்பது?
— வாசகர், திருநெல்வேலி

கையில் காசு குறைவு என்றால் இதுதான் சரியான வழி. முழு வண்டியை அரைகுறையாக அடிப்பதைவிட இரண்டு பேனலைச் சுத்தமாக அடித்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

400 மி.லி. கேன் ஒன்று, மூன்று கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வரும். சின்ன காரின் பானெட்டுக்கு இரண்டு, கூரைக்கு இரண்டு, கைவசம் ஒன்று, ஆக ஐந்து மேட் பிளாக் கேன். தகரம் தெரியும் இடமோ பட்டி போட்ட இடமோ இருந்தால் ஒரு கிரே பிரைமர் கேன். கூரையை விட்டுப் பானெட் மட்டும் என்றால் மூன்று கேனில் வேலை முடியும்.

காற்று அடங்கிய காலை நேரமாகப் பாருங்கள், இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். திருநெல்வேலி மே மாத மதியத்தில் அடித்தால் பெயிண்ட் பேனலைத் தொடும் முன்பே காய்ந்து, மணல் தூவியது போல் சொரசொரப்பாக நிற்கும்.

உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். மினுமினுப்பைக் கொல்லும் பவுடர் கேனின் அடியில்தான் தங்கியிருக்கும். அது கலங்காவிட்டால் ஓரிடம் பளபளப்பாகவும் ஓரிடம் வெளுப்பாகவும் விழும். 20 முதல் 25 செ.மீ. தூரம். பேனலுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, குறுக்கே போய், வெளியே போன பிறகு விரலை எடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். முதல் கோட் லேசான தூவல்தான், அடியில் பழைய கலர் தெரிந்தால் தெரியட்டும். 10 முதல் 15 நிமிடம் விட்டு, ஈரப் பளபளப்பு ஒரு இடத்தில்கூட மிச்சமில்லாமல் மங்கிய பிறகு அடுத்தது. மூன்று, வேண்டுமானால் நான்கு கோட். எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். இடையில் விட்டால் ஒரு நாள் கழித்துத்தான் அடுத்த கோட். பாதி காய்ந்ததன் மேல் அடித்தால் சுருங்கும்.

கடைசி கோட்டுக்கென்று ஒரு புது கேனைத் தனியாக எடுத்து வையுங்கள். பேனலின் நடுவில் கேன் தீர்ந்து துப்பினால் அந்தப் புள்ளிகளைத் தேய்த்து எடுக்க வழியில்லை, முழு பேனலும் மறுபடி அடிக்க வேண்டும். கூரைக்கு ஒரு பக்கம் நின்று நடுவரை அடித்து, உடனே மறுபக்கம் போய் நடுவிலிருந்தே தொடருங்கள்.

கேன் பெயிண்ட்டுக்கு ஹார்ட்னர் கிடையாது என்பதால் பி.யூ. மாதிரி உழைக்காது. வெயிலில் நிற்கும் வண்டி என்றால் கூரைதான் முதலில் வெளுக்கும்.

பெயிண்டர் அடித்துக் கொடுத்த மேட் பிளாக்கில் கதவு முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ரப்பிங் போட்டால் சரியாகுமா?
— வாசகர், சென்னை

ரப்பிங் காம்பவுண்டை (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) தொடவே தொடாதீர்கள். மேட் பெயிண்ட்டில் கலந்திருக்கும் நுண்ணிய சிலிக்கா பவுடர் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மேடு பள்ளமாக்கி வைக்கிறது. விழும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால்தான் மினுங்குவதில்லை. தேய்த்தால் மேடுகள் மழுங்கி அந்த இடம் மட்டும் பளபளக்கும். அப்புறம் அது போகாது.

பட்டை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கன் பிடித்த விதம். ஈரமாக, கனமாக விழுந்த இடம் கொஞ்சம் மினுங்கும்; உலர்ந்து விழுந்த இடம் வெளுத்த மேட்டாக நிற்கும். பாதிக்குக் குறைவாக ஓவர்லேப் (முந்தைய வரியை மூடுவது) கொடுத்தாலோ, முந்தைய கோட் மங்கும் முன் அடுத்ததைப் போட்டாலோ, கதவின் அகலத்தில் நடுவில் நின்று மூச்சு வாங்கினாலோ இப்படித்தான் ஆகும். பாதியில் கலவை தீர்ந்து, இரண்டாவது கலவையில் தின்னரைக் கூட்டியிருந்தாலும் தெரியும்.

சரிசெய்ய, குறைந்தது ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு, 800 நம்பர் பேப்பரில் தண்ணீர் விட்டு முழுக் கதவையும் சீராகத் தேய்த்து, ஒரே மூச்சில் ஒரு கோட் அடிக்க வேண்டும். 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில், 30 பி.எஸ்.ஐ. ஒட்டிய பிரஷர், ஒரு சாண் தூரம், முக்கால் பங்கு ஓவர்லேப். பட்டை தெரியும் இடத்தில் மட்டும் டச்சப் செய்து தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேட்டில் டச்சப் செய்த இடம் ஒட்டுப்போட்ட துணியாகத் தனித்துத் தெரியும்.

ஹார்டுவேர் கடையில் பிளாக்போர்டு பெயிண்ட் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் மேட் கறுப்புதானே?
— வாசகர், வேலூர்

பலகைக்கு மேட் கறுப்பு. சாக்பீஸ் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பிக்மென்ட்டை (நிறப்பொடி) கூட்டி, பைண்டரை (அதைப் பிடித்து வைக்கும் பசை) குறைத்துச் செய்தது. வெயிலும் மழையும் பட்டால் சீக்கிரம் வெளுத்து, தடவினால் கையில் கறுப்புத் தூள் வரும். பிற்பாடு மனம் மாறி அதன் மேல் பி.யூ. அடித்தால் அடி பெயிண்ட் தாங்காது. முழுக்க உரித்தாக வேண்டும். மிச்சம் பிடித்த காசைவிட உரிக்கும் கூலி அதிகம்.

என் கார் ஏற்கெனவே ஒருமுறை ரீபெயிண்ட் ஆனது. மேட் பிளாக் அடித்ததும் ஒரு பக்கம் அப்பளம் பொரிந்த மாதிரி சுருங்கிவிட்டது. வேறு சில இடங்களில் சின்னச் சின்னக் குழிகள். பெயிண்ட் டூப்ளிகேட்டா?
— வாசகர், கோவை

பெயிண்ட்டைக் குறை சொல்ல இடமில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு.

சுருக்கம், அடியில் இருக்கும் பழைய பெயிண்ட் தின்னருக்குக் கரைவதால் வருவது. அடிக்கும் முன்பே சோதித்திருக்கலாம்: தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை ஓரமான இடத்தில் அரை நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும்; கலர் துணிக்கு வந்தால் அடியில் என்.சி. அல்லது எனாமல். வராவிட்டால் கம்பெனி பெயிண்ட் அல்லது பி.யூ. கரையும் ரகம் என்றால் அதை உரித்துவிடுவதே நல்லது. இப்போது சுருங்கிய பகுதியையும் அப்படியே உரித்து, பிரைமரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேலே பட்டி போட்டு மூடினால் வெயிலில் மறுபடி கிளம்பும்.

குழிகளுக்குக் காரணம் சிலிக்கான் எண்ணெய். டேஷ்போர்டு, டயர் பாலிஷ்களில் இருப்பது. அது இருக்கும் இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி வட்டமாகக் குழியும். மண்ணெண்ணெயில் துடைத்தால் நிலைமை மோசமாகும், அதுவே எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். வேக்ஸ் ரிமூவரை ஒரு துணியால் தடவி, காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். கம்ப்ரசரில் எண்ணெயும் தண்ணீரும் வடிகட்டும் டிராப் இருக்கிறதா என்றும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் என்.சி. அடித்தால் மேலே வெள்ளை பூப்பதும் ஈரத்தால்தான்.

பம்பரில் மட்டும் மேட் பிளாக் செதில் செதிலாக உரிகிறது. ஏன்?
— வாசகர், நாகர்கோவில்

பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் விட்டிருப்பார்கள். பம்பர் பாலிப்ரொப்பிலீன் வகை, சாதாரண பெயிண்ட் அதில் பிடிக்காது. உரிவதை முழுக்க எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தெரியும் இடமெல்லாம் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லிய ஒரு கோட் அடித்து, அதன் டின்னில் சொன்ன நேரத்துக்குள் கலர் அடியுங்கள்.

பி.யூ. அடிக்கும்போது சாதாரண மாஸ்க் போதுமா? வீட்டு போர்ட்டிகோவில் அடிக்கலாமா?
— வாசகர், மதுரை

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும், ஆஸ்துமா வரவழைக்கும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் மாஸ்க்தான் முறையானது. அது இல்லாத இடத்தில் பி.யூ. அடிப்பதை பெயிண்ட் பூத் உள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் தேய்ப்பு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கலர் மாற்றினால் ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா?
— வாசகர், தஞ்சாவூர்

வேண்டும். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவான விவரம். அது பொருந்தாமல் ஓட்டுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் மாட்டும். அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வண்டி லோனில் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் தேவை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பாலிசியில் பதியுங்கள். வினைல் ஒட்டி முழு நிறம் மாற்றினாலும் இதே கதைதான்.

மேட் பிளாக் அடித்து ஒரு வாரம் ஆகிறது. போர் தண்ணீரில்தான் கழுவுகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், தூத்துக்குடி

போர் தண்ணீர்தான் உங்கள் முதல் எதிரி. உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும், பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. நிழலில் நிறுத்தி, ஒரு பேனல் கழுவியதும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் இரண்டு பக்கெட் ஒதுக்குங்கள். ஏற்கெனவே வட்டம் விழுந்திருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, ஈரத்துணியை அதன் மேல் ஒரு நிமிடம் வைத்து, அலசுங்கள்.

வேக்ஸ் கலந்த ஷாம்பு, பிரஷ் சுழலும் கார்வாஷ் இரண்டும் ஆகாது. காக்கை எச்சத்தைக் காயவிடாமல், தேய்க்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். பெட்ரோல் போடும்போது மூடியருகே சிந்தினால் பங்க்கிலேயே துடைத்துவிடுங்கள்.