தூதர் கடத்தினா கேஸ் உண்டா, இல்ல ஃபிளைட் ஏத்தி அனுப்பிடுவாங்களா?

கேள்வி இதுதான்: வெளிநாட்டு தூதரக அதிகாரிங்க தங்கமோ போதைப்பொருளோ கடத்தி மாட்டினா, மாட்டின நாட்டுலயே கேஸ் நடத்தி உள்ள போட முடியுமா?

போட முடியும், போட்டும் இருக்காங்க. ஆனா அவரு எந்த நாட்டுக்கு தூதர், எந்த நாட்டுல மாட்டினாரு, தூதரா இல்ல கான்சுலேட் (அதாவது துணைத் தூதரகம்) ஆளா, இதை எல்லாம் பாத்துதான் பதில் மாறும். நான் சென்னை தம்பு செட்டி தெருவுல, சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை முடிச்சு குடுக்கற ஒரு கிளியரிங் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்கும் எங்க ஆபீஸுக்கும் நடுவுலதான் என் பொழப்பே ஓடுது, அதனால இந்த மாதிரி நியூஸ் வந்தா என்னால சும்மா படிச்சுட்டு போக முடியாது.

மொதல்ல தண்டனை வாங்கினவங்கள சொல்றேன். 1960ல நியூயார்க்ல ஹெராயினோட புடிபட்டாரு மொரிசியோ ரோசல்னு ஒருத்தர், குவாத்தமாலா நாட்டோட தூதர். ஆனா அவரு தூதரா இருந்தது பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளுக்கு, அமெரிக்காவுக்கு இல்ல. அதனால அமெரிக்கா சட்டம் அவரை மத்த எல்லாரையும் நடத்தற மாதிரியே நடத்துச்சு, ஜெயிலுக்கு போனாரு. நாலு வருஷம் கழிச்சு 1964ல அதே நியூயார்க், அதே ஹெராயின், இந்த தடவை பொலிவியாவுல மெக்சிகோ தூதரா இருந்த பார்டோ போலண்ட். அவருக்கும் ஜெயில்தான். நீ எந்த நாட்டுக்கு தூதரா போயிருக்கியோ அங்கதான் உனக்கு முழு பாதுகாப்பு, வேற நாட்டுல வேலைக்கு போற வழியிலயோ ஊருக்கு திரும்பற வழியிலயோ இருந்தாதான் உண்டு. தூதர்களோட உரிமை பத்தி நாடுகள் போட்டுக்கிட்ட 1961 வியன்னா ஒப்பந்தமும் இதைத்தான் சொல்லுது.

அதே நாட்டுக்கு தூதரா இருந்துட்டு மாட்டினா கதை தலைகீழ். 2015 மார்ச்ல சிங்கப்பூர்லேர்ந்து டாக்கா வந்து இறங்கின வடகொரிய தூதரக செயலாளர் ஒருத்தர் பையில கிட்டத்தட்ட 27 கிலோ தங்கம். ஸ்கேன் பண்ணவே விடமாட்டேன்னு மணிக்கணக்கா மல்லுக்கட்டியிருக்காரு. தங்கத்தை புடுங்கிட்டாங்க, ஆளை விட்டுட்டாங்க. வடகொரியா மன்னிப்பு கேட்டுச்சு. 1976லயே டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்துன்னு வரிசையா எல்லா இடத்துலயும் வடகொரிய தூதரக ஆளுங்க சாராயம், சிகரெட் கடத்தி வித்ததுக்கு நாட்டை விட்டு அனுப்பப்பட்டாங்க. அனுப்பினதோட சரி, கோர்ட் படி யாரும் ஏறல.

இங்க நிறைய பேர் குழப்பிக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. தூதரோட பொட்டியை தொடவே கூடாதுன்னு நெனைக்கறாங்க, அது பாதிதான் உண்மை. ஒப்பந்தத்துல 27வது ஷரத்து சொல்ற டிப்ளமேட்டிக் பேக், அதாவது சீல் வச்சு, வெளியில அடையாளம் போட்டு வர்ற தூதரக பை, அதைத்தான் திறக்க கூடாது. தூதரோட சொந்த லக்கேஜ் வேற, அதுக்கு 36வது ஷரத்து. உள்ள தப்பான பொருள் இருக்குன்னு வலுவான காரணம் இருந்தா அவரையோ அவர் அனுப்பற ஆளையோ பக்கத்துல நிக்க வச்சுட்டு திறக்கலாம். கான்சுலேட் பைனா இன்னும் ஒரு படி கீழ, திறந்து காட்டுன்னு கேக்கலாம், மாட்டேன்னா வந்த ஊருக்கே திருப்பி அனுப்பலாம். 1984ல லண்டன் பக்கத்துல ஸ்டான்ஸ்டெட் ஏர்போர்ட்ல நைஜீரியாவுக்கு போக இருந்த மரப்பெட்டியை திறந்தப்ப உள்ள உமாரு டிக்கோன்னு அந்த நாட்டு முன்னாள் மந்திரியே மயக்கத்துல கெடந்தாரு. திறக்க முடிஞ்சதுக்கு காரணம் பெட்டி மேல முறையான தூதரக அடையாளம் இல்லாததுதான். பேப்பர்ல ஒரு ஓட்டை இருந்தாலும் கஸ்டம்ஸ்காரன் கண்ணுக்கு அது தெரியணும், அந்த அதிகாரிங்க வேலை தெரிஞ்சவங்க.

எங்க பக்கம் எப்படினா, ஒரு சாதாரண வியாபாரியோட டைல்ஸ் கன்டெய்னர் சோதனைக்கு மாட்டினா மணலி பக்கம் சி.எஃப்.எஸ்ல, அதாவது கன்டெய்னர் வச்சு பிரிக்கற கிடங்குல, சீல் கட் பண்ணி, அட்டைப்பெட்டியை பிரிச்சு, எண்ணி, போட்டோ எடுப்பாங்க, டியூட்டியும் கட்டியிருந்தாதான் வண்டி கேட் தாண்டும். தூதரக சரக்குக்கு ஒரு எக்ஸம்ப்ஷன் சர்டிபிகேட், அதாவது வரிவிலக்கு சான்று, அதுல வட்ட முத்திரை, கையெழுத்து. அந்த ஒரு தாள் மேல வைக்கற நம்பிக்கைலதான் எல்லாம் நகருது, அதை ஒருத்தன் தங்கம் கடத்த உபயோகிச்சான்னா அது அந்த ஒரு பார்சலோட முடியற தப்பு இல்ல.

நம்ம நாட்டு கதைக்கு வர்றேன். 2020 ஜூலைல திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல அமீரக கான்சுலேட் பேருக்கு வந்த பார்சல்ல 30 கிலோ தங்கம், மதிப்பு 14.82 கோடி. கைதானவங்க எல்லாம் இந்தியாக்காரங்க, கான்சுலேட்ல முன்னாடி வேலை பாத்தவங்களும் அதுல அடக்கம். பார்சல் யார் பேருக்கு வந்துச்சோ அந்த அட்டாஷே, அதாவது கான்சுலேட் அதிகாரி, கொஞ்ச நாள்ல ஊருக்கு கிளம்பிட்டாரு. அப்புறம் 2024 ஏப்ரல், மும்பை ஏர்போர்ட், துபாய்லேர்ந்து வந்த ஆப்கானிஸ்தான் கான்சல் ஜெனரல், அதாவது கான்சுலேட்டோட தலைவர், அவங்ககிட்ட 25 கிலோ தங்கம், 18 கோடிக்கு மேல. தங்கம் பறிமுதல், கேஸ் பதிவாச்சு, டிப்ளமேட்டிக் பாதுகாப்பு இருக்குன்னு கைது பண்ணல. அடுத்த மாசம் அவங்க ராஜினாமா பண்ணிட்டாங்க.

இதுல எனக்கு ஆறவே ஆறாத விஷயம், கான்சுலேட் அதிகாரிங்களுக்குன்னு தனியா இருக்கற 1963 வியன்னா ஒப்பந்தத்துல அவ்ளோ பாதுகாப்பே கிடையாது. ஆபீஸ் வேலையா செஞ்சதுக்குத்தான் கோர்ட்லேர்ந்து விலக்கு, கடுமையான குற்றம்னா கோர்ட் உத்தரவோட கைதே பண்ணலாம். 25 கிலோ தங்கத்தை துணிக்குள்ள வச்சு கொண்டு வர்றது எந்த ஆபீஸ் வேலை?

மண்ணடி பக்கம் இருக்கறவங்களுக்கு குருவின்னா தெரியும், கமிஷனுக்கு வெளிநாட்டுலேர்ந்து சரக்கு தூக்கிட்டு வர்றவங்க. எங்க தெருவுலயே ஒரு அக்கா வீட்டுக்காரரு அப்படித்தான் தங்கத்தோட மாட்டினாரு. மதிப்பு ஒரு கோடி தாண்டினா ஜாமீன் கிடைக்காத குற்றம், அது மேல தங்கம் கடத்தினது இல்லன்னு நிரூபிக்க வேண்டியதும் புடிபட்டவன்தான், கஸ்டம்ஸ் சட்டம் 123வது பிரிவு. அந்த அக்கா பையில பிஸ்கட்டும் வாழப்பழமும் எடுத்துக்கினு புழல் ஜெயிலுக்கு மனு பாக்க போவாங்க. "யாரு குடுத்தாங்கன்னு அவருக்கே தெரியாதுப்பா, தூக்கினு வந்ததுக்கு இவரு மட்டும் உள்ள கீறாரு"ன்னு என்கிட்ட கேட்டாங்க. அவரு செஞ்சது தப்பு, தண்டனை வேணாம்னு நான் சொல்லல. அதைவிட பல மடங்கு தங்கத்தோட வந்தவங்களுக்கு வேற நியாயமான்னுதான் கேக்கறேன்.

வழி இல்லாம இல்ல. அனுப்பின நாடு பாதுகாப்பை எழுத்துல விலக்கிக்கலாம், 1961 ஒப்பந்தத்தோட 32வது ஷரத்து. கடத்தல் கேஸ் இல்லனாலும் ஒரு உதாரணம் சொல்றேன், 1997ல வாஷிங்டன்ல கார் மோதி ஒரு சின்னப்பொண்ணு செத்தப்ப ஜார்ஜியா நாடு தன்னோட தூதரக அதிகாரிக்கு இருந்த பாதுகாப்பை விலக்கிச்சு, அவரு அமெரிக்க ஜெயில்ல இருந்தாரு. நம்ம வெளியுறவுத்துறையும் ஒவ்வொரு கேஸ்லயும் விலக்க சொல்லி எழுத்துல கேக்கணும், கேட்டோம், அவங்க இந்த பதில் சொன்னாங்கன்னு பார்லிமென்ட்ல வெளிப்படையா வைக்கணும். முடியாதுன்னு சொல்ற நாடு எதுன்னு அந்த அக்காவுக்கும் தெரியட்டும்.