22.5 டிகிரி ஏன் 23 ஆகிறது? ஆட்டோகேடில் கோண அளவைச் சரியாகக் காட்டுவது

கேள்வி: ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், ஷீட் மெட்டல் (உலோகத் தகடு) பாகம் ஒன்றில் 150 மி.மீ. நீளமுள்ள கையை 22.5 டிகிரியில் வரைந்திருக்கிறேன். டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) போட்டால் 23° என்று வருகிறது. யூனிட்ஸ் கட்டளையில் பிரிசிஷனை, அதாவது தசம இடங்களை, கூட்டியும் மாறவில்லை. ஏன்?

யூனிட்ஸில் நீங்கள் மாற்றியது, பிராப்பர்ட்டீஸ் பலகையிலும் கட்டளை வரியிலும் கோணம் எப்படித் தெரியவேண்டும் என்பதை மட்டுமே. டைமென்ஷனில் அச்சாகும் கோணத்துக்குத் தனி அமைப்பு உண்டு. அது டைமென்ஷன் ஸ்டைலுக்குள், அதாவது அளவுக் குறிப்புகளின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. தொடக்கத்தில் அங்கே தசம இடம் 0 என்றே இருப்பதால் 22.5 முழு எண்ணாகி 23 ஆகிவிடுகிறது.

இதைச் சின்ன விஷயமென்று விட்டுவிடாதீர்கள். 150 மி.மீ. கையில் அரை டிகிரி பிசகினால் முனை ஏறக்குறைய 1.3 மி.மீ. தள்ளிப்போகும். பொது அளவு விலகல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2768-ன் நடுத்தர வகுப்பு அந்த நீளத்துக்கு அனுமதிக்கும் கோண விலகல் ±10 நிமிடம்தான் (60 நிமிடம் ஒரு டிகிரி). உங்கள் வரைபடத்தின் பிழை 30 நிமிடம். பட்டறையில் 23 டிகிரிக்குத் துல்லியமாக மடித்துக் கொடுத்தாலும் பாகம் ரிஜெக்ட் ஆகும்.

கட்டளை வரியில் டி என்ற எழுத்தை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் டைமென்ஷன் ஸ்டைல் மேனேஜர் திறக்கும். நீங்கள் பயன்படுத்தும் ஸ்டைலைத் தேர்ந்து மாடிஃபை அழுத்துங்கள். பிரைமரி யூனிட்ஸ் பக்கத்தில் ஆங்குலர் டைமென்ஷன்ஸ் என்ற தனிக் கட்டம் இருக்கும். அதில் யூனிட்ஸ் ஃபார்மட் டெசிமல் டிகிரீஸ், பிரிசிஷன் 0.0 என்று வையுங்கள். ஜீரோ சப்ரஷனில் டிரெய்லிங்கை டிக் செய்தால் 45.0 என்பது 45 என்றே வரும். அதே பக்கத்தில் உள்ள ரவுண்ட் ஆஃப், ஸ்கேல் ஃபேக்டர் இரண்டும் கோணத்தைத் தொடாது. அவற்றில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தசமமா, நிமிடமா என்பதைப் பட்டறையில் எதை வைத்து அளக்கிறார்களோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிஎன்சி பிரஸ் பிரேக்குக்கு (கணினி இயக்கும் தகடு மடிப்பு எந்திரம்) தசமம் வசதி. வெர்னியர் பெவல் புரோட்ராக்டர் என்ற கோணமானி 5 நிமிடம் வரை படிப்பது. அதற்கு 22°30′ என்று கொடுப்பதே நல்லது. மூன்று நான்கு தசம இடம் வேண்டவே வேண்டாம்.

மாற்றிய பிறகும் 23 என்றே நின்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஸ்டைல் பெயருக்குக் கீழே ஆங்குலர் என்று துணை ஸ்டைல் இருந்தால், கோணங்கள் அதற்கே கட்டுப்படும். மாற்றத்தை அதற்குள் செய்யுங்கள். அந்த ஒரு டைமென்ஷனில் மட்டும் முன்பு யாராவது பிராப்பர்ட்டீஸ் வழியாக பிரிசிஷனை மாற்றியிருந்தால், அது ஸ்டைலைப் பின்பற்றாது. சரியான ஸ்டைலை செட் கரண்ட் செய்துவிட்டு, டிம்ஸ்டைல் கட்டளையை முன்னால் ஒரு சிறுகோட்டுடன் தட்டி, அப்ளை கொடுத்து அதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவதுதான் மோசமானது: எண்ணைக் கையால் தட்டியிருப்பது. பிராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு கட்டத்தைக் காலி செய்தால் உண்மையான அளவு திரும்பிவரும்.

ஒரு முறை பிரிசிஷனை நான்கு இடத்துக்கு ஏற்றிப் பாருங்கள். 22.4873 போல வந்தால் குறை டைமென்ஷனில் இல்லை. கோடு எண்ட்பாயிண்ட் ஸ்நாப் (கோட்டின் முனையைச் சரியாகப் பிடிக்கும் வசதி) இல்லாமல் வரையப்பட்டிருக்கலாம். முதலில் கோட்டைத் திருத்துங்கள், பிறகு பிரிசிஷனை ஓர் இடத்துக்கு இறக்குங்கள்.